பிரெடரிக்கை நீக்கிவிட்டு லூத்தரைக் கற்பிக்க முடியுமா? திருச்சபைப் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுத் தலைவர் ஐயர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்:

திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கான திருச்சபை வரலாற்று நூலின் புதிய பதிப்பிலிருந்து, மார்ட்டின் லூத்தர் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய காலத்தில் சாக்சனி என்னும் ஜெர்மானிய நாட்டை ஆண்டு அவரைக் காத்த விவேகி பிரெடரிக்கைப் பற்றிய பாடத்தை நீங்கள் அடியோடு நீக்கியிருக்கிறீர்கள். பழைய நூலில் ஒரு முழுப் பாடமும் ஒரு நிலப்படமும் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருக்கிறது: “வோர்ம்ஸ் நகரிலிருந்து திரும்பி வருகையில் லூத்தரைத் தேவன் ஒரு கோட்டையில் மறைத்துவைத்துக் காத்தார்.” தேவன் காத்தார் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அது யாருடைய கோட்டை, அங்கே கொண்டுபோகச் சொன்னவர் யார், மறைத்துவைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது, மறைத்தவர் எதைப் பணயம் வைத்தார் என்பவற்றுள் ஒன்றையும் அந்த வாக்கியம் சொல்லவில்லை என்பதே என் மறுப்பு.

இந்த முடிவுக்கு உங்கள் சுற்றறிக்கை மூன்று காரணங்களைத் தருகிறது. அரசர்களின் கதை பிள்ளைகளின் விசுவாசத்தை வளர்க்காது என்பது முதலாவது. பிரெடரிக் பழைய கத்தோலிக்க சபையின் வழக்கங்களை விடாதவர், புனிதர்களின் எச்சங்கள் என்று போற்றப்பட்ட திருப்பண்டங்களைச் சேர்த்துக் குவித்தவர், ஆகையால் முன்மாதிரி ஆகமாட்டார் என்பது இரண்டாவது. சீர்திருத்தம் ஓர் அரசனின் தயவில் பிழைத்தது என்று நாமே எழுதிவைத்தால், இன்றைய சூழலில் வெளியார் அதை நமக்கு எதிராகத் திருப்புவார்கள் என்பது மூன்றாவது. அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுத்துவருகிறவன் என்ற முறையில் இம்மூன்றில் ஒன்றையும் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதற்காரணத்துக்கு மறுமொழியாக என் வகுப்பில் நடந்ததையே வைக்கிறேன். புதிய நூலில், லூத்தருக்கு நூறாண்டு முன் வாழ்ந்த போகீமியச் சீர்திருத்தவாதி ஜான் ஹஸ் பற்றிய பாடமும் லூத்தர் பற்றிய பாடமும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டையும் முடித்த பிறகு நான் வைத்த சிறு தேர்வில், ஹஸ் எரிக்கப்பட்டார், லூத்தரோ முதுமையில் படுக்கையில் இறந்தார், இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தேன். தாளுக்குத் தாள் வந்த விடை, லூத்தரின் விசுவாசம் ஹஸின் விசுவாசத்தைவிடப் பெரியது என்பதே. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். நூலில் வேறு காரணம் எதுவும் இல்லாதபோது அவர்கள் வேறு எதை எழுதுவார்கள்? ஒரு மாணவி மட்டும் விடை எழுதாமல் தாளின் ஓரத்தில் பென்சிலால், “ஹஸ் மேல் தேவனுக்குப் பிரியம் இல்லையா ஐயா?” என்று கேட்டிருந்தாள். விசுவாசத்தை வளர்ப்பதற்காகச் சுருக்கப்பட்ட பாடம், தீயில் நின்று சாட்சி சொன்ன ஒருவரைக் குறைந்த விசுவாசியாக்கிவிட்டது.

அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய விடை வரலாற்றில் இருக்கிறது. ஹஸ் 1414இல் கான்ஸ்டன்ஸ் மாமன்றத்துக்குப் போகும்போது சிகிஸ்மண்ட் அரசர் கொடுத்த அபயக் கடிதத்தை நம்பித்தான் போனார். அங்கே அவரைச் சிறையில் அடைத்தார்கள். கடிதம் கொடுத்த அரசர் தம் வாக்கைக் காப்பாற்றவில்லை. 1415 ஜூலை 6 அன்று ஹஸ் எரிக்கப்பட்டார். நூறாண்டுகளுக்குப் பிறகு லூத்தரும் புனித உரோமைப் பேரரசர் ஒருவரின் அபயக் கடிதத்தோடுதான் விசாரணைக்காக வோர்ம்ஸ் பேரவைக்குப் போனார். ஐந்தாம் சார்லஸ் தம் வாக்கைக் காத்தார், அந்தப் பெருமையை அவருக்கும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அபயக் கடிதத்தின் தவணை முடிந்த பிறகும் லூத்தர் உயிரோடு இருந்ததற்குக் காரணம் பேரரசர் அல்லர்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதையும் புதிய நூல் விட்டுவிட்டது. 1523 ஜூலை 1 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரச் சந்தைத் திடலில் ஹென்ட்ரிக் வூஸ், யான் வான் எசன் என்னும் இரண்டு இளந்துறவிகள் எரிக்கப்பட்டார்கள். இருவரும் ஆண்ட்வெர்ப் மடத்தைச் சேர்ந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள், அதாவது லூத்தரின் சொந்தத் துறவற சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் அறிக்கையிட்டது லூத்தரின் போதனையையே. அதே ஜூலை மாதத்தில் அந்தப் போதனையைத் தொடங்கிவைத்தவர் விட்டன்பெர்க்கில் பிரசங்கித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். வேறுபாடு ஆட்சியாளரில் இருந்தது. நெதர்லாந்துப் பகுதிகள் ஐந்தாம் சார்லஸின் நேரடி ஆட்சியில் இருந்தன. விட்டன்பெர்க் பிரெடரிக்கின் ஆட்சியில் இருந்தது. பிரஸ்ஸல்ஸ் செய்தியைக் கேட்டு லூத்தர் அந்த இருவருக்காக ஒரு பாடலே எழுதினார். அவர் அறிந்திருந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் அறியக்கூடாதா?

பிரெடரிக் யார் என்பதைப் பழைய நூல் நன்றாகவே சொல்லியிருந்தது. 1463இல் டோர்காவ் கோட்டையில் பிறந்து, 1486இல் ஆட்சிக்கு வந்து, 1525 மே 5 அன்று இறந்தவர். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த ஏழு தேர்வாளர்களில் ஒருவர். நீங்கள் நீக்கிவிட்ட நிலப்படம் 1485இல் சாக்சனி இரண்டாகப் பிரிக்கப்பட்டதைக் காட்டியது. ஒரு பாதி பிரெடரிக்கின் குடும்பத்துக்கு வந்தது, மற்றப் பாதி அவருடைய சிற்றப்பா குடும்பத்துக்குப் போனது. அந்த மற்றப் பாதியைப் பின்னாளில் ஆண்ட கோமகன் ஜார்ஜ், லூத்தரின் கடும் எதிரி. லூத்தர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் விட்டன்பெர்க்கில் அச்சாகி வெளிவந்தபோது ஜார்ஜ் தம் நாட்டில் அதைத் தடைசெய்து, வாங்கியவர்கள் பிரதிகளை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பேசும் மொழி ஒன்று, இனம் ஒன்று, ஆண்டவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் அச்சுக்கூடம், மறுபக்கம் பறிமுதல். புதிய நூலில் அந்தப் படம் இல்லாததால் நான் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அதன் பிறகுதான் பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது காரணம். பிரெடரிக் திருப்பண்டங்களைச் சேர்த்தவர் என்பது முழு உண்மை. 1493இல் எருசலேமுக்குத் திருப்பயணம் போனவர் அவர். 1509இல் ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்களோடு அவர் வெளியிட்ட பட்டியலில் 5,005 திருப்பண்டங்கள் இருந்தன. 1520 அளவில் அவை ஏறத்தாழ 19,000 ஆகியிருந்தன. முள்முடியின் முள் ஒன்று, முன்னணையின் வைக்கோல் என்றெல்லாம் சொல்லப்பட்டவை அவற்றில் அடங்கும். அவற்றை வணங்கிக் காணிக்கை செலுத்துவோருக்கு மரித்தபின் உத்தரிக்கிற தலத்தில் படும் தண்டனையில் 19 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் கழிவு கிடைக்கும் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். அவை வைக்கப்பட்டிருந்தது விட்டன்பெர்க் கோட்டைக் கோயிலில். 1517 அக்டோபர் 31 என்றதும், லூத்தர் தம் 95 கூற்றுகளை அறைந்த கதவு என்று நம் பிள்ளைகள் படம் வரைகிறார்களே, அந்தக் கதவு அந்தக் கோயிலின் கதவு.

டெட்செல் என்னும் துறவி பாவமன்னிப்புச் சீட்டு விற்க வந்தபோது பிரெடரிக் தம் எல்லைக்குள் அவரை விடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதை உபதேசத் தெளிவால் செய்தார் என்று சொல்ல முடியாது. சீட்டு விற்ற பணத்தில் ஒரு பாதி உரோமைக்கும், மறுபாதி மயின்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் பட்ட கடனை அடைக்கவும் போயிற்று. ஆல்பிரெக்டின் குடும்பம் பிரெடரிக்கின் குடும்பத்துக்குப் போட்டிக் குடும்பம். மேலும், சாக்சனி மக்களின் காசு வெளியே போனால் சொந்தத் திருப்பண்டங்களின் வருமானம் குறையும். விட்டன்பெர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் போய்ச் சீட்டு வாங்கி வந்து லூத்தரிடம் காட்டியதில்தான் எல்லாம் தொடங்கியது. இதை மறைத்து அவரைப் பரிசுத்தவானாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கலப்பு நோக்கங்கள் கொண்ட ஒரு மனிதர் தேவனுடைய காரியத்துக்கு எப்படிப் பயன்பட்டார் என்று பாடம் எடுப்பதற்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார் என்றுதான் சொல்கிறேன். சிறைப்பட்ட யூதரை நாடு திரும்ப விட்ட பாரசீகக் கோரேசு அரசனைப் பற்றி வேதப்பாடத்தில் நாம் கற்பிக்கவில்லையா? அவன் யூதன் ஆகவில்லை என்பதற்காக எஸ்றாவின் முதல் அதிகாரத்தை யாரும் நீக்கியதில்லை.

அவர் உண்மையில் செய்தது என்ன என்பதை ஒழுங்காகச் சொன்னால் அதன் எடை புரியும். விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தை 1502இல் நிறுவியவர் பிரெடரிக். 1512இல் லூத்தருக்கு முனைவர் பட்டம் அளிக்கப்பட்டபோது அதற்கான கட்டணம் 50 கில்டரைச் செலுத்தியவரும் அவரே. வேதாகமப் பேராசிரியராக லூத்தர் உட்கார்ந்த நாற்காலி, பிரசங்கித்த நகரம், அவருடைய கடிதங்களை அரண்மனைக்குள் கொண்டுபோன மனிதர் எல்லாம் இவருடையவை. அந்த மனிதர் கியோர்க் ஸ்பாலத்தீன், பிரெடரிக்கின் செயலரும் குருவும் நூலகருமாக இருந்தவர். லூத்தர் அவருக்கு எழுதிய கடிதங்களில் 400க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. பிரெடரிக்கும் லூத்தரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதற்குச் சான்று இல்லை. காப்பாற்றியவர் தாம் காப்பாற்றும் ஆளைப் பார்த்துப் பேசாமல் இருந்ததே ஒரு தந்திரம்: ‘அவன் போதனை சரியா தவறா என்பது எனக்குத் தெரியாது, என் பேராசிரியனை விசாரியுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்’ என்ற நிலையில் அவர் கடைசிவரை நிற்க முடிந்தது அதனால்தான்.

1518 ஆகஸ்டில் உரோமை லூத்தரை 60 நாளுக்குள் நேரில் வரும்படி அழைத்தது. போயிருந்தால் ஹஸின் கதை மறுபடி நடந்திருக்கும் என்று எண்ண எல்லாக் காரணமும் உண்டு. பிரெடரிக் அப்போது ஆக்ஸ்பர்க் பேரவையில் இருந்தார். பேரரசர் மாக்சிமிலியன் தம் பேரன் சார்லஸை அடுத்த பேரரசராக்கத் தேர்வாளர்களின் வாக்கைத் தேடிக்கொண்டிருந்தார். போப் பத்தாம் லியோவோ சார்லஸ் வந்துவிடக்கூடாது என்று தேர்வாளர்களின் நட்பைத் தேடிக்கொண்டிருந்தார். இருவருக்கும் தேவைப்பட்டவர் பிரெடரிக். அந்த நேரத்தில் அவர் வைத்த கோரிக்கை, விசாரணை ஜெர்மானிய மண்ணில் நடக்க வேண்டும் என்பது. அதன்படியே 1518 அக்டோபரில் கர்தினால் கஜெத்தான் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரைச் சந்தித்தார். லூத்தர் பின்வாங்க மறுத்து, இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேறினார். லூத்தரை உரோமைக்கு அனுப்புங்கள், அல்லது நாட்டைவிட்டுத் துரத்துங்கள் என்று கஜெத்தான் பிரெடரிக்குக்கு எழுதினார். டிசம்பரில் பிரெடரிக் மறுத்து எழுதினார்: லூத்தரின் போதனை தவறு என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை, அவரை வெளியேற்றினால் என் பல்கலைக்கழகத்துக்குக் கேடு. விசுவாச அறிக்கை எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் எழுதப்படாமல் போயிருந்தால் சீர்திருத்தத் திருநாளை நாம் எதற்காகக் கொண்டாடியிருப்போம் என்று குழுவினர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

போப் அவரை வசப்படுத்த முயன்றதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் பகுதி. பொன் ரோஜா என்னும் உயரிய விருதை மில்டிட்ஸ் என்பவரிடம் கொடுத்தனுப்பினார்கள். 1519 ஜனவரியில் மாக்சிமிலியன் இறந்ததும் பிரெடரிக்கே பேரரசராகலாம் என்று உரோமை தூண்டியது. அவர் அந்த மகுடத்தை நாடாமல் சார்லஸுக்கே வாக்களித்தார். ஆனால் வெறுங்கையோடு அல்ல. 1519 ஜூலையில் புதிய பேரரசர் தேர்வாளர்களுக்கு எழுதிக்கொடுத்த உடன்படிக்கையில், ஜெர்மானியர் எவரையும் பேரரசுக்கு வெளியே விசாரணைக்கு இழுக்கக்கூடாது, விசாரிக்காமல் எவரையும் சட்டப் பாதுகாப்புக்குப் புறம்பானவராக அறிவிக்கக்கூடாது என்ற வாக்குறுதிகள் இருந்தன. 1520 ஜூனில் 41 கூற்றுகளைக் கண்டித்துப் போப்பின் ஆணை வந்தபோதும், 1521 ஜனவரியில் சபைநீக்கம் அறிவிக்கப்பட்டபோதும், ‘சபைநீக்கம் செய்தாகிவிட்டது, இனி விசாரணை எதற்கு’ என்று உரோமையின் தூதர் அலியாண்டர் வாதாடினார். விசாரித்தே ஆக வேண்டும் என்று பிரெடரிக் பிடித்த பிடியில்தான் லூத்தர் வோர்ம்ஸில் 1521 ஏப்ரல் 17, 18 தேதிகளில் பேரரசர் முன்னால் நிற்க முடிந்தது. நம் சீர்திருத்தத் திருநாள் நாடகங்களில் ஆண்டுதோறும் ஒரு பையன் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு “இதோ நிற்கிறேன்” என்று சொல்கிறான். அந்த மேடையை அமைத்துக் கொடுத்தவர் நாடகத்தில் ஒருபோதும் வருவதில்லை. இப்போது நூலிலும் வரமாட்டார்.

வோர்ம்ஸ் ஆணையில் பேரரசர் மே 26 அன்று கையெழுத்திட்டார். லூத்தருக்கு உணவோ உறைவிடமோ கொடுப்பவர் எவரும் குற்றவாளி என்றது அது. பிரெடரிக் அதற்கு முன்பே நோயைச் சொல்லி வோர்ம்ஸைவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்கும் முன்னால், மே 4 அன்று, தூரிங்கியக் காட்டில் ஆல்டன்ஸ்டைன் கோட்டைக்கு அருகே ஆயுதந்தாங்கிய குதிரைவீரர்கள் லூத்தரின் வண்டியை மறித்து அவரைக் கடத்திப்போனார்கள். அவர் செத்தார் என்றே பலர் நம்பினார்கள். அது பிரெடரிக்கின் ஏற்பாடு. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று எனக்குச் சொல்லாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள், பேரரசர் கேட்டால் தெரியாது என்று பொய்யில்லாமல் சொல்வதற்காக. போய்ச் சேர்ந்த இடம் ஐசனாக் நகருக்கு மேலே உள்ள வார்ட்பர்க், பிரெடரிக்கின் கோட்டை. தாடியும் முடியும் வளர்த்து, இடுப்பில் வாளோடு, யோர்க் என்ற போலிப்பெயரில் ஒரு குறுநிலப் பிரபுவாக லூத்தர் அங்கே பத்து மாதம் இருந்தார். புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தது அந்தக் கோட்டை அறையில். நம் நூலில் மிஞ்சிய ஒற்றை வாக்கியம் தாண்டிப்போவது இத்தனையையும்தான்.

அரசனைப் பற்றிச் சொன்னால் விசுவாசத்தின் இடத்தை அரசன் பிடித்துக்கொள்வான் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், 1522 மார்ச்சில் நடந்ததைப் பாடத்தில் சேருங்கள். விட்டன்பெர்க்கில் குழப்பம் மூண்டபோது, வரவேண்டாம் என்று பிரெடரிக் தடுத்தும் லூத்தர் கோட்டையைவிட்டுக் கிளம்பினார். வழியில் போர்னா என்னும் ஊரிலிருந்து மார்ச் 5 அன்று பிரெடரிக்குக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் பாதுகாப்பைவிட மேலான பாதுகாப்பில் வருகிறேன், சொல்லப்போனால் நீங்கள் என்னைக் காப்பதைவிட நான் உங்களைக் காக்கிறேன் என்ற பொருள்பட எழுதினார். காப்பாற்றியவரைப் பார்த்து இப்படி எழுதுவதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டும் என்பது, காப்பாற்றியவர் என்ன செய்தார் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் விளங்கும். எனக்கு அந்தக் கடிதம் வோர்ம்ஸ் உரையைவிடத் துணிச்சலானதாகப் படுகிறது. அங்கே எதிரியின் முன் நின்றார். இங்கே புரவலரின் சொல்லை மீறினார்.

மூன்றாவது காரணத்தைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. வெளியார் என்ன சொல்வார்கள் என்று நாம் மறைப்பதை நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடிப்பார்கள். வகுப்பில் சொல்லாமல் விட்டவர்கள் என்று நம்மைத்தான் பிறகு நம்பமாட்டார்கள். அரசனின் பாதுகாப்புக்குக் கொடுத்த விலையையும் நாமே சொல்வதுதான் இதற்கு மாற்று. பிரெடரிக் 1525 ஏப்ரலில், இறப்பதற்குச் சில வாரம் முன்பு, விவசாயிகளின் எழுச்சியைப் பற்றித் தம் தம்பி யோகானுக்கு எழுதியபோது, ஏழை எளியவர்களுக்கு நாமும் மற்ற ஆட்சியாளர்களும் இழைத்த அநீதியே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அதே மாதங்களில் லூத்தர் விவசாயிகளை வெட்டி வீழ்த்தும்படி ஆட்சியாளர்களுக்கு எழுதினார். பிரெடரிக் இறந்து பத்து நாளில், மே 15 அன்று, பிராங்கன்ஹவுசனில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். பின்வந்த ஆட்சியாளர்கள் திருச்சபைச் சோதனைக் குழுக்களை அனுப்பி, குருமார் நியமனம் முதல் ஆலயச் சொத்துவரை தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். பிரெடரிக் தாமே மரணப் படுக்கையில் சீர்திருத்த முறைப்படி அப்பமும் இரசமும் இரண்டையும் பெற்றுத்தான் கண்மூடினார் என்பதையும், அவர் அடக்கத்தில் லூத்தர் பிரசங்கித்தார் என்பதையும் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லி மேற்கண்ட கேள்விகளை மூடக்கூடாது.

நம் சொந்த வரலாற்றிலும் இதே முடிச்சு உண்டு. 1706 ஜூலை 9 அன்று லூத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பியதால். அதே அரசரின் அதிகாரியான ஹாசியுஸ் 1708 நவம்பரில் சீகன்பால்குவைப் பிடித்து டேன்ஸ்பர்க் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதம் சிறைவைத்தார். அனுப்பியதும் அரசு, அடைத்ததும் அரசு. சாக்சனிப் பாடம் தெரியாத பிள்ளைக்குத் தரங்கம்பாடிப் பாடமும் அரைகுறையாகவே விளங்கும். அந்தப் பாடம் உங்கள் புதிய நூலில் இன்னும் இருக்கிறது, ஆகவே சொல்கிறேன்.

ஆகையால் குழுவிடம் நான் கேட்பவை இவை. நீக்கிய பாடத்தை அடுத்த அச்சில் நிலப்படத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை, வரும் சீர்திருத்தத் திருநாளுக்கு முன்பாகவே, தனி அச்சாக நான்கு பக்கம் அடித்துச் சபைகளுக்கு அனுப்ப வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது பழைய பாடத்தை அப்படியே போடாமல், அதில் இல்லாத திருப்பண்டக் கணக்கையும், 1518 டிசம்பர் கடிதத்தையும், போர்னா கடிதத்தையும், விவசாயிகளின் எழுச்சியையும் எழுத வேண்டும். ஹஸ் பாடத்தின் இறுதியில் சிகிஸ்மண்ட் வாக்குத் தவறியதைச் சொல்லி, பிரஸ்ஸல்ஸ் துறவிகள் இருவரின் பெயரையும் சேர்க்க வேண்டும். அவர்கள் விசுவாசத்தில் குறைந்ததால் இறக்கவில்லை என்று பிள்ளைகளுக்கு ஒரு வரியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். “தேவன் ஒரு கோட்டையில் மறைத்துவைத்துக் காத்தார்” என்ற வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வாக்கியத்தில் கோட்டையின் பெயரும் உடையவரின் பெயரும் வரட்டும்.

இன்னும் ஒன்று. பாடங்களை நீக்கும் முடிவுகள் வகுப்பு எடுப்பவர்களைக் கேட்காமலே எடுக்கப்படுகின்றன. வரும் பதிப்புக்கு முன் மறைவட்டத்துக்கு ஒருவராகத் திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்களைக் குழுவின் கூட்டத்துக்கு அழைத்து, நீக்கவிருக்கும் பகுதிகளையும் அதற்கான காரணங்களையும் அவர்கள் முன் வைக்க வேண்டும். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தேவை. நூலின் இரண்டாம் அச்சு, வருகிற கல்வியாண்டுக்கென்று சொல்லப்படுகிறது. அச்சகத்துக்குப் போவதற்கு முன் அந்தப் பதில் எல்லாச் சபைகளுக்கும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர் ஒருவர்